பாக்கியத்தின் கையும் என் மூக்கும்

என் பிரியாவிடைத் தேநீர்க் கூட்டத்தில் என்னைக் கைராசிக்காரி என்று புகழ்ந்தார்கள். சிஸ்டர் ஊசி போட்டால் நோகாது, சிஸ்டர் கட்டுப் போட்டால் புண் காயும், சிஸ்டர் தொட்ட பிள்ளை தப்பும் என்று ஒரு டொக்டர் எழுதிவைத்து வாசித்தார். பதிலுக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டு வடையைத் தின்றுகொண்டிருந்தேன். அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்துச் சில தங்கச்சிமார் என் முதுகைத் தடவினார்கள். எனக்கு வந்தது எரிச்சல். அன்று சொல்லாமல் விழுங்கியதை இப்போது எழுதுகிறேன். நீங்கள் தாதித் தொப்பி வைத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகியிருக்கும். கைராசியைப் பற்றி ஒரு முடிவுக்கு வருமுன் இதை வாசியுங்கள்.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தது ஐம்பத்தாறாம் ஆண்டு. வலிகாமத்துத் தோட்டக்காரனின் மகள். புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் வளர்ந்தவளுக்கு ஆஸ்பத்திரி ஒரு கோயில் என்றால், அங்கே மூலஸ்தானத்தில் இருந்தது பென்சிலின். சேர்ந்த புதிதில் குருநகரிலிருந்து ஒரு மீன்பிடிகாரர் வந்தார். விரலில் கெளிற்று மீனின் முள் ஏறி, கை முழங்கை வரை வீங்கி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். விரலை எடுக்கவேண்டி வரலாம் என்று சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார். சீழைக் கீறி வெளியேற்றிவிட்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பென்சிலின் போட்டோம். ஐந்தாம் நாள் அந்த மனிதர் விரலை மடக்கிக் காட்டிச் சிரித்தார். போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அப்போது இருபது வயது. ஒருவர் கும்பிட்டால் போதும், தலைக்கனம் வர.

அந்தக் கனத்தோடு ஊசி போடப் பழகினேன். கண்ணாடிச் சிரிஞ்சியில் மருந்தை இழுத்தால் காற்றுக்குமிழ் நிற்கும் அல்லவா, அதைப் போக்க மேலே பிடித்து அழுத்துவோம். மற்றவர்கள் ஒரு சொட்டு விடுவார்கள். நான் உயரப் பீச்சுவேன். ஜன்னல் வெளிச்சத்தில் அது பூவாணம் போல விரிந்து விழும். நோயாளிகள் பார்ப்பார்கள் என்பதற்காகவே ஊசி அறைக் கதவைத் திறந்துவைப்பேன். "மிஸ்ஸி ஊசி ஏத்திறதைப் பாக்கவே பாதி வருத்தம் போயிடும்" என்று ஒரு கிழவர் சொன்னதை மூன்று வருடம் மனதில் வைத்து மகிழ்ந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இனிச் சொல்லப்போவது அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது நான் குடாநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று வாட்டில் இருந்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அங்கே பாக்கியம் என்று ஒரு தொழிலாளி. வாட்டைக் கழுவுவாள், தாய்மாரின் துணியும் பிள்ளைகளின் துணியும் எடுப்பாள். என்னிலும் ஐந்தாறு வயது மூத்தவள். ஆனாலும் நான் அவளை நீ என்றேன், அவள் என்னை மிஸ்ஸி, நீங்கள் என்றாள். அவள் சனத்துக்கு அந்தக் காலத்தில் கிணற்றில் அள்ள உரிமையில்லை. ஆஸ்பத்திரிக் கிணற்றிலும் அதே வழக்கம். சட்டத்தில் இல்லை, சுவரில் எழுதியும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். யாராவது வந்து வாளியால் அள்ளி வார்க்கும்வரை அவள் கையை ஏந்திக்கொண்டு நிற்பாள். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சவர்க்காரத் துண்டு வைத்திருப்பாள். வாட்டுக்குள்ளே எங்களுக்குக் கை கழுவ ஒரு பேசின் இருந்தது, அது அவளுக்கு இல்லை. ஊசி அறைக்குள்ளும் அவள் காலடி வைக்கக்கூடாது. நான் போகிற வழியில் அவளுக்குப் பலதரம் தண்ணீர் வார்த்திருக்கிறேன். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாசியில் பிள்ளைகளுக்குக் கொப்புளம் வரத் தொடங்கியது. பிறந்து மூன்றாம் நாள், நாலாம் நாள் கழுத்து மடிப்பிலும் கக்கத்திலும் அரையிலும் சிறு சீழ்க்கொப்புளங்கள். உடைந்தால் சுட்டது போலத் தோல் உரியும். சில தாய்மாருக்கு மார்பில் சீழ்க்கட்டு வந்தது. நாங்கள் பயப்படவில்லை. மூலஸ்தானத்தில் கடவுள் இருக்கும்போது என்ன பயம்? பென்சிலின் போட்டோம். ஆறவில்லை. கூட்டிப் போட்டோம். ஆறவில்லை. மருந்து பழசோ என்று புதிய பெட்டி உடைத்தோம். ஒருவருக்கும் அந்தச் சீழைத் துடைத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பத் தோன்றவில்லை. கேட்காத பூட்டுக்கு ஒரே திறப்பை இன்னும் பலமாகத் திருகினோம்.

திரேசம்மா என்று ஒரு தாய். கல்யாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு முதற்பிள்ளை, ஆண். ஒன்பதாம் நாள் அந்தப் பிள்ளை போய்விட்டது. கொப்புளத்திலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. திரேசம்மா அழவில்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மிஸ்ஸி, என்னத்தாலை?"

"கிருமி."

"ஆரிட்டையிருந்து வந்தது?"

நான் தலையைத் திருப்பி, வாட்டின் மறுகோடியில் துணி அள்ளிக்கொண்டிருந்த பாக்கியத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. திரேசம்மாவும் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளும் பார்த்தாள். மத்தியானம் பார்க்க வந்த சனம் முழுவதும் "உவளின்ரை கை பட்டுத்தான்" என்று கதைத்தது. ஒரு பார்வைக்கு இவ்வளவு கால் முளைக்கும் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும்.

தாதிமாருக்கெல்லாம் தலைவியான மேற்றன் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஆர் பிள்ளையளைத் தொடுறது?"

"குளிப்பாட்டுறது நாங்கள், மேற்றன். துணி எடுக்கிறது பாக்கியம்."

"உவள் கை கழுவுறவளோ?"

"நான் காணேல்லை."

எங்கள் பேசினில் அவள் கழுவியதை நான் காணவில்லை. அது உண்மை. எப்படிக் காண்பேன், அங்கே அவளை விட்டால்தானே? மேற்றன் அதை எழுதினார், நான் கையெழுத்து வைத்தேன். பொய் சொல்லாமலே ஒரு ஆளின் வயிற்றில் அடிக்கலாம், பிள்ளைகள். அதற்குப் பெரிய கெட்டிக்காரத்தனமும் தேவையில்லை.

பாக்கியத்தை நிறுத்தினார்கள். போகிற அன்று அவள் வாட்டு வாசலுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"மிஸ்ஸி, நான் கழுவிறனான் எண்டு உங்களுக்குத் தெரியுமெல்லே? நீங்களே தண்ணி வாத்தனீங்கள்."

"நான் என்ன செய்யிறது? மேற்றனிட்டைப் போய்க் கேள்."

அவள் மேற்றனிடம் போகவில்லை. சிரட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் என் தம்பியின் கல்யாணத்துக்கு நான் லீவில் போனேன். பத்து நாள். திரும்பி வந்தபோது, இந்தப் பத்து நாளில் ஒரு பிள்ளைக்கும் கொப்புளமில்லை, பார்த்தியளோ, அவள் போனதோடு வருத்தமும் போச்சு என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. வாட்டுக்குள் நுழைந்து ஊசி அறையைத் திறந்து வழமை போல வேலை தொடங்கினேன். ஐந்தாம் நாள் ஒரு பிள்ளைக்குக் கொப்புளம். அந்தக் கிழமை முடிவதற்குள் நாலு பிள்ளைகள்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் மாற்றலாகி வந்தார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. சிரிக்கமாட்டார், பாராட்டமாட்டார், கேள்விதான் கேட்பார். பென்சிலின் போடுவதை அன்றே நிறுத்தினார். கட்டுகளைக் கீறிச் சீழை வெளியேற்றச் சொன்னார். சீழைத் துடைப்புக் குச்சியில் எடுத்துக் கொழும்பு மெயில் ரயிலில் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு வாட்டில் வேலை செய்கிற எல்லாருடைய மூக்குக்குள்ளும் குச்சி விட்டார். முதலில் தன் மூக்கில் விட்டார். மேற்றன் முகத்தைச் சுளித்தார், ஆனால் எடுக்க விட்டார்.

"இன்னும் ஒராள் இருக்குதெல்லே?" என்று டொக்டர் கேட்டார்.

"அவளை நிப்பாட்டியாச்சு, டொக்டர்" என்றார் மேற்றன்.

"அவள் போனபிறகு நாலு பிள்ளையளுக்கு வந்திருக்கு. அப்ப அவளிலை பிழையெண்டு ஆர் சொன்னது? நீர் போய் எடுத்துக்கொண்டு வாரும்."

என்னைத்தான் சொன்னார். அவள் குடியிருப்புக்குப் போக வேறு ஒருவரும் சம்மதிக்கவில்லை. நான் போனேன். நல்ல எண்ணத்தில் போனேன் என்று நினைக்காதீர்கள். அவள் மூக்கில் கிருமி இருக்கும், என் கையெழுத்துச் சரியாகிவிடும் என்ற ஆசையில் போனேன்.

பாக்கியம் வாசலில் பனையோலை கிழித்துக்கொண்டிருந்தாள். குச்சியைக் கண்டதும் சிரித்தாள்.

"கை எண்டியள். இப்ப மூக்கோ, மிஸ்ஸி?"

"எல்லாரிலையும் எடுத்தாச்சு. என்னிலையும் எடுத்தது."

அண்ணாந்து காட்டினாள். எடுத்து முடிந்ததும் கை கழுவத் தண்ணீர் கேட்டேன். குடத்தைக் கொண்டுவந்தாள், ஆனால் உடனே வார்க்கவில்லை. "எங்கடை தண்ணி. பரவாயில்லையோ?" என்றாள். நான் கையை ஏந்திக்கொண்டு நின்றேன். அவள் வார்த்தாள். அன்றுதான் முதல்தரம் கை ஏந்தி நிற்கிற பக்கத்தில் நான் நின்றது. இரண்டு நிமிடம்கூட இராது. உடம்பு கூசியது.

முடிவு வந்த அன்று டொக்டர் என்னைத் தனியே ஊசி அறைக்குக் கூப்பிட்டார். கடிதத்தை மேசையில் வைத்தார். பிள்ளைகளின் சீழில் இருந்தது ஸ்டெஃபிலோகொக்கஸ், எங்கள் பேச்சு வழக்கில் ஸ்டாஃப். பென்சிலினை அது மதிக்காது. தட்டில் வளர்த்து நடுவில் பென்சிலினை வைத்தால் சுற்றிவர உள்ள கிருமி செத்து ஒரு வட்டம் வெளிக்கவேண்டும். இது மருந்தின் விளிம்பு வரை வளர்ந்து நின்றதாம். அதே கிருமி, அதே குணத்தோடு, வாட்டில் ஒரே ஒரு ஆளின் மூக்கில் இருந்தது.

"பாக்கியமோ, டொக்டர்?"

"அவளின்ரை மூக்குச் சுத்தம். உம்மடை மூக்கு."

 என் மூக்கோரத்தில் மாதத்துக்கு ஒருதரம் ஒரு பரு வரும். வெயில் பரு என்று சந்தனம் பூசுவேன். வாட்டில் வாய்ச்சீலை கட்டுவோம், வெக்கைக்கு அதை மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவேன். அதோடு குனிந்துதான் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவேன். மூக்கைத் தொட்ட விரலாலே அந்தக் கழுத்து மடிப்புகளைத் துடைத்திருக்கிறேன். நான் லீவில் நின்ற பத்து நாள் ஏன் கொப்புளம் வரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

"எனக்கு எப்பிடி வந்தது?"

"ஒரு ஊசி ஏத்திக் காட்டும்."

சிரிஞ்சியை எடுத்தேன். மருந்தை இழுத்தேன். கை தன் பழக்கத்தில் மேலே தூக்கிப் பீச்சியது. ஜன்னல் வெளிச்சத்தில் விரிந்து விழுந்தது.

"உது எங்கை போகுது?" என்று கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன். "மேசைக்கு மட்டுமில்லை. உம்மடை மூச்சோடை மூக்குக்குள்ளை போகுது. ஒரு நாளைக்கு எத்தினைதரம், எத்தினை வருசம்? உம்மடை ஐயாவுக்குத் தோட்டம் இருக்கே?"

"ஓம், டொக்டர்."

"மேலாலை மட்டும் புல்லுச் செருக்கினா என்ன மிஞ்சும்?"

"கோரை."

கிழங்கு நிலத்துக்குள் கிடக்கும். மற்றப் புல்லெல்லாம் செத்த இடமும் அதற்குத்தான். என் மூக்கில் நடந்தது அதுதான். மருந்துக்கு அடங்கின கிருமியெல்லாம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, அடங்காதது மட்டும் குடும்பம் பெருக்கியிருக்கிறது. ஆறேழு வருடம் நான் அழகுக்குப் பீச்சியது அந்தக் கோரைக்கு இடம் வெளிப்பாக்கத்தான். ஊசி அறைக்குள்ளே நாங்கள் வரவிடாத ஒருத்தியின் மூக்கோ சுத்தமாக இருந்தது.

எனக்கு மூன்று கிழமை லீவு தந்தார்கள். மூக்குக்குள் பூச மருந்து தந்தார்கள். மூக்கில் கிருமி இருப்பது குற்றமில்லை, ஊரில் எத்தனையோ பேர் மூக்கில் காவித் திரிகிறார்கள், கவலைப்படாதேயும் என்று மேற்றன் அன்பாகச் சொன்னார். கையில் பிழை என்று ஒருத்தியை நிறுத்தின அதே அறையில், அதே கதிரையில் இருந்து சொன்னார். நான் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். பாக்கியத்தின் கையைப் பற்றி நான் சொன்னது பிழை, அவள் கழுவுவதை நான் கண்டிருக்கிறேன் என்று. மேற்றன் வாசித்துவிட்டு மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"பிள்ளை, இது வெளியிலை போனா திரேசம்மாவின்ரை ஆக்கள் உம்மை விடமாட்டினம். ஆஸ்பத்திரிக்கும் கெட்ட பேர். பேசாமல் இரும்."

பேசாமல் இருந்தேன். லாச்சியில் கிடந்த கடிதத்துக்கு என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. மேற்றன் மாற்றலாகிப் போனார், டொக்டரும் போனார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. பாக்கியம் இருந்த இடம் எனக்குத் தெரியும், நடந்தே போகலாம். போகவில்லை. கடைசியில் என்னைக் கைராசிக்காரி ஆக்கினார்கள்.

இதிலிருந்து நீங்கள் எடுக்கவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காற்றைப் போக்கவேண்டுமென்றால் ஊசியைப் போத்தலுக்குள் வைத்துக்கொண்டே போக்குங்கள், வெளியே ஒரு சொட்டும் தெறிக்கக்கூடாது. சீழ் கட்டியிருந்தால் அதற்கு முதல் மருந்து கத்தி, ஊசி பிறகுதான். மருந்து கேட்கவில்லை என்றால் கூட்டிப் போடாதீர்கள், கிருமி எதுவென்று பாருங்கள். சனம் வந்து "ஒரு ஊசி போட்டுவிடுங்கோ மிஸ்ஸி" என்று கெஞ்சும், இரண்டு நாள் குளிசை விழுங்கிவிட்டு மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும். ஏசியென்றாலும் மறியுங்கள். பென்சிலினுக்கு அடங்காததற்குப் புதுமருந்து வந்தது, இப்போது அதற்கும் அடங்காத ஸ்டாஃப் வெளிநாடுகளில் தலைகாட்டிவிட்டது என்று டொக்டர்மார் கதைக்கிறார்கள். வரும். கோரை கடல் தாண்டாது என்று யார் சொன்னது? அது வருகிற அன்று வாட்டில் ஒரு பிள்ளைக்குக் கொப்புளம் கண்டால், யாருடைய கை என்று தேடுவதற்கு முன் உங்கள் மூக்கில் குச்சியை விடுங்கள்.

பாக்கியத்தைக் கடைசியாகக் கண்டது எழுபதுகளின் நடுவில். நான் அப்போது அதே வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, பேசினில் எவரும் கழுவலாம். காலையில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. கட்டிலருகே தலை நரைத்த ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கிட்டப் போனபிறகுதான் ஆளைத் தெரிந்தது. பிள்ளை பெற்றவள் அவள் மகள்.

"மிஸ்ஸி, சிஸ்டரா வந்திட்டியள் போலை" என்றாள்.

பத்து வருடத்துக்கு மேலாக வாய்க்குள் கிடந்ததை அந்த இடத்திலேயே சொன்னேன். முதல்தரம் அவளை நீங்கள் என்றேன்.

"உங்கடை மூக்கிலை ஒண்டும் இருக்கேல்லை, பாக்கியம். என்ரை மூக்கிலைதான் இருந்தது."

"எனக்குத் தெரியும்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. குச்சியைக் கொண்டுபோன நீங்கள் திரும்பி வரேல்லை. என்னிலை இருந்திருந்தா அண்டைக்கே வந்திருப்பியள்."

 மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாமல், வேலைக்குள் ஒளிந்துகொண்டேன். பிள்ளையை நிறுக்கவேண்டும், தாருங்கள் என்று கையை நீட்டினேன்.

"கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நான் போய்ப் பேசினில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டு, அந்த டொக்டர் பழக்கிய மாதிரிக் கழுவினேன். துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் பிள்ளையோடு எழுந்து நின்றாள்.

"எங்கை வைக்கவேணும் எண்டு காட்டுங்கோ. நானே வைக்கிறன்."

தராசைக் காட்டினேன். அவள் துணியை விரித்துப் பிள்ளையை வைத்தாள், முள் நின்றதும் எடுத்துக்கொண்டாள். நான் நிறையை வாசித்து எழுதினேன். இனி யாராவது என்னைக் கைராசிக்காரி என்று சொன்னால், அந்தப் பிள்ளையை நான் தூக்கவில்லை என்று சொல்லுங்கள்.